இருளர் குடியிருப்பில் ஒரு பருவம்: கல்லூரிக் களப்பணியைத் திட்டமிடுவது எப்படி

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஊர்ப்பணி என்றதும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம்தான் நினைவுக்கு வரும். 1969 செப்டம்பர் 24-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் உழைக்க வேண்டும். அந்த உழைப்பில் பெரும்பகுதி மரக்கன்று நடுவதிலும், கோயில் குளத்தைச் சுத்தம் செய்வதிலும், பதாகை பிடித்துப் பேரணி போவதிலும் கழிகிறது. அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சாதிச் சான்றிதழ் மனு கிராம நிர்வாக அலுவலரைத் தாண்டிக் கோட்டாட்சியர் மேசைக்குப் போய்ச் சேர ஏழு நாள் போதாது. மனித உரிமையை ஒரு குடியிருப்போடு சேர்ந்து கற்க விரும்பினால் குறைந்தது ஒரு பருவம், அதாவது 16 வாரம் வேண்டும். முடித்துவிட்டுப் போகாமல் அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு வரும் உறுதியும் வேண்டும்.

திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் ஓடையோரத்திலும் வாழும் சமவெளி இருளர்களோடு வேலை செய்ய நினைக்கும் கல்லூரிகளுக்காக இதை எழுதுகிறோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருளர் சுமார் 1.89 லட்சம் பேர். அரசு ‘மிகவும் நலிவுற்ற பழங்குடி’ என்று வகைப்படுத்திய ஆறு தமிழகப் பழங்குடிகளில் அவர்களும் அடக்கம். பாடப்புத்தகம் பழங்குடி உரிமை என்றதும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைத்தான் பேசும். காட்டை விட்டு வந்து தலைமுறைகள் ஆகிவிட்ட சமவெளி இருளருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அவர்களுக்கு வேண்டியது வீட்டுமனைப் பட்டா, சாதிச் சான்று, குடும்ப அட்டை, பிள்ளைக்குப் பிறப்புச் சான்று. வேலைத்தளத்திலும் காவல் நிலையத்திலும் மனிதராக நடத்தப்படுவதும் வேண்டும். இந்த இடைவெளியை மாணவருக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

எந்தப் பருவம், எந்த நேரம்

பல குடும்பங்கள் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குப் போய்விடும். மழை தொடங்கும்போதுதான் திரும்பும். ஜனவரியில் தொடங்கும் இரட்டைப்படைப் பருவத்தில் போனால் பூட்டிய குடிசைகளையும் வயதானவர்களையும்தான் பார்ப்பீர்கள். ஜூன், ஜூலையில் தொடங்கும் ஒற்றைப்படைப் பருவமே சரி. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய மூன்று கிராம சபைகளும் அந்தப் பருவத்துக்குள் வருவது கூடுதல் வசதி.

கல்லூரிப் பேருந்து காலை பத்து மணிக்குப் போய் மாலை நான்கு மணிக்குத் திரும்புவதுதான் அடிக்கடி நடக்கும் முதல் தவறு. அந்த நேரத்தில் எல்லாரும் கூலிக்கோ, ஏரியில் மீன் தேடவோ போயிருப்பார்கள். மாணவர்கள் வருகிறார்கள் என்று யாராவது வேலைக்குப் போகாமல் இருந்தால், உங்கள் பாடத்துக்கு அவர் ஒரு நாள் கூலி கட்டியிருக்கிறார் என்று பொருள். மாலை ஐந்தரைக்கு மேல் போங்கள், அல்லது ஞாயிறு காலை போங்கள். மாலை என்றால் மாணவிகளின் பாதுகாப்புக்குக் கல்லூரி வண்டி, உடன் ஓர் ஆசிரியை, ஆளுக்கொரு டார்ச் லைட், எட்டு மணிக்குள் வண்டி கிளம்பும் என்ற ஒழுங்கு எல்லாம் வேண்டும். பாதையில் பாம்பு இருக்கும். செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள்.

24 மாணவர், 12 இணை, 36 குடும்பம் என்ற கணக்கு கைக்கு அடங்கும். இணைக்கு மூன்று குடும்பத்துக்கு மேல் கொடுத்தால் கோப்புகள் பாதியில் நிற்கும். நூறு பேர் கொண்ட நலப்பணி அணியை அப்படியே இறக்குவது வேண்டவே வேண்டாம். முப்பது வீட்டுக்கு நூறு பேர் போனால் அது பார்வையாளர் கூட்டம்.

முதலில் யாரைப் பார்ப்பது

ஊராட்சித் தலைவரைப் பார்த்து அவர் காட்டும் குடியிருப்புக்குப் போவது சுலபம். ஆனால் ஊர்த் தெருவில் இருக்கும் செல்வாக்குள்ள வீடுதான் பல இடங்களில் ஏரிக்கரைக் குடிசைகளுக்குத் தடையாகவும் இருக்கும். அந்த வீட்டின் வழியாக உள்ளே போனால் உங்களையும் அந்த வீட்டு ஆளாகவே எண்ணுவார்கள். மாவட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் பழங்குடி அமைப்பு ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்து, அவர்கள் மூலமாகக் குடியிருப்பின் பெரியவர்களையும் பெண்களையும் சந்தியுங்கள். அங்கே சரி என்று சொன்ன பிறகு ஊராட்சித் தலைவருக்குக் கடிதம் கொடுங்கள். அவரைத் தவிர்க்கவும் கூடாது. தீர்மானம் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

‘தத்தெடுப்பு’ என்ற சொல்லைக் கல்லூரிப் பதாகையிலிருந்து எடுத்துவிடுங்கள். பிள்ளையைத்தான் தத்தெடுப்பார்கள். அந்த மண்ணில் தலைமுறைகளாக வாழ்கிறவர்களை ஒரு கல்லூரி தத்தெடுக்க முடியாது.

முதல் சந்திப்புக்கு நான்கைந்து பேர் போதும். கேட்க வேண்டியது மூன்று. இதற்கு முன் யார் யார் வந்து எழுதிக்கொண்டு போனார்கள், அதனால் என்ன கிடைத்தது? இந்த வருடம் முடிந்தாக வேண்டிய ஒரு வேலை எது? எதைப் பற்றி எங்களிடம் பேச விருப்பமில்லை? மூன்றாவது கேள்விதான் முக்கியம். கடன், முன்பணம், காவல் நிலைய வழக்கு ஆகியவை அந்தப் பட்டியலில் வரலாம். வந்தால் அவற்றைத் தொடாதீர்கள்.

பிறகு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். தமிழில், பெரிய எழுத்தில் எழுதி, கூட்டத்தில் இரண்டு முறை சத்தமாகப் படியுங்கள். கல்லூரி என்ன செய்யும், எத்தனை மாலை வரும், எது தன் கையில் இல்லை, எந்தப் படமும் கேட்காமல் எடுக்காது, மூலச் சான்று எதையும் வாங்கிக்கொண்டு போகாது, பிடிக்காவிட்டால் எந்த நேரத்திலும் ‘வர வேண்டாம்’ என்று சொல்லலாம் என்பவை அதில் இருக்கட்டும். வீடும் பட்டாவும் வாங்கித் தருவதாக ஒரு மாணவர்கூட வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது. “மனு எழுதுவோம், கூட வருவோம், பதில் வரும்வரை கேட்போம்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

வகுப்பறையில் முதல் மூன்று வாரம்

சட்டத்தை முழுதாக நடத்த நேரம் இருக்காது. தேவையானவை இவை: அரசமைப்பின் 17 (தீண்டாமை ஒழிப்பு), 21 (வாழ்வுரிமை), 22 (கைதானவரின் உரிமை), 23 (கட்டாய உழைப்புத் தடை) ஆகிய பிரிவுகள், 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம், 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. கடைசியில் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு; அழைக்க வேண்டிய எண் 15100. கைது பற்றிய பழைய கையேடுகளை அப்படியே நகலெடுக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. கைது செய்தவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற அரசமைப்பு உரிமை மட்டும் மாறவில்லை.

சட்டத்தைவிடக் கடினமானது பேச்சுப் பழக்கம். வயதில் மூத்தவரை ஊர்த் தெரு ஆட்கள் ‘வா, போ’ என்று கூப்பிடுவதைப் பார்த்து வளர்ந்த மாணவர் உங்கள் வகுப்பில் நிச்சயம் இருப்பார். அவருக்கு அது தவறாகவே தோன்றாது. அக்கா, அண்ணன், ஆயா, தாத்தா என்று உறவு சொல்லிக் கூப்பிட்டு, ‘வாங்க, சொல்லுங்க’ என்று பேசுவதை வகுப்பில் இரண்டு பேராக நிற்கவைத்துப் பயிற்சி கொடுங்கள். தேநீர் கொடுத்தால் குடியுங்கள். “இப்பதான் சாப்பிட்டோம்” என்று நாசூக்காக மறுத்தால் அதற்கு என்ன பொருள் என்று அந்த வீட்டுக்குத் தெரியும். காலம் காலமாகக் கேட்ட சாக்கு அது. நாற்காலி ஒன்றே ஒன்று இருந்தால் அந்த வீட்டுப் பெரியவர் உட்காரட்டும், மாணவர் பாயில் உட்காரட்டும்.

வகுப்பிலேயே பட்டியலினத்தவரோ பழங்குடி மாணவரோ இருப்பார்கள். “நீ சொல்லு, உங்க ஊர்ல எப்படி?” என்று அவர்களை மாதிரியாக நிறுத்தாதீர்கள். சொல்ல விரும்பினால் அவர்களாகச் சொல்வார்கள். குடியிருப்புக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்த மாணவர் இருந்தால் அவரை அந்தப் பகுதிக்கு அனுப்பலாமா என்று முதலில் குடியிருப்பைக் கேளுங்கள். அவருடைய மாமாவே சூளை முதலாளியாக இருக்கலாம்.

தாள்களைப் பார்ப்பது

இந்தப் பணியின் நடு இதுதான். ஒவ்வோர் இணையும் குடும்பத்தோடு உட்கார்ந்து, வீட்டில் இருக்கும் எல்லாத் தாளையும் பாயில் பரப்பி, ஒரே ஒரு தாளில் அட்டவணை போட வேண்டும். இடப்பக்கம் குடும்பத்தினர் பெயர். மேலே ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, சாதிச் சான்று, வங்கிப் புத்தகம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் தாளில் பெயர் எப்படி எழுதியிருக்கிறது, பிறந்த தேதி என்ன என்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே பார்த்து எழுதுங்கள். திருத்தி எழுதாதீர்கள். ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் போதும். முழு எண்ணையும் அட்டையின் புகைப்படத்தையும் மாணவர் கைபேசியில் வைத்திருக்கக் கூடாது.

இப்படி ஒரு தாளைப் பார்ப்போம். தாயின் ஆதாரில் பிறந்த தேதி 01/01/1988. மூத்த மகனின் பள்ளிச் சான்றில் 12/06/1998. தாய்க்கும் மகனுக்கும் பத்து வயதுதான் வித்தியாசம்! மகள் குடும்ப அட்டையில் சத்யா, பள்ளியில் சந்தியா. தந்தையின் முன்னெழுத்து ஒரு தாளில் ‘மு’, இன்னொன்றில் ‘எம்’, மூன்றாவதில் இல்லவே இல்லை. இதில் அந்தக் குடும்பத்தின் தவறு எதுவும் கிடையாது. நாளும் மாதமும் தெரியாதவருக்கு ஆதார் பதிவில் ஜனவரி 1 என்று விழும். ஆண்டையும், பதிவு செய்பவர் ஆளைப் பார்த்து உத்தேசமாகப் போட்டிருப்பார். ஒரு குடியிருப்பில் பாதிப் பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

எல்லாவற்றையும் திருத்தக் கிளம்புவதுதான் ஆர்வமுள்ள மாணவர் செய்யும் தவறு. ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறைதான் மாற்றலாம். கையில் பிறப்புச் சான்று இல்லாமல் அந்த ஒரு வாய்ப்பைச் செலவழித்துவிட்டால் பிறகு வழி அடைபடும். தாயின் தேதியால் இப்போது எந்த வேலையும் தடைபடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள். வரிசை இப்படி: பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் பதிவேடு, குடும்ப அட்டை, சாதிச் சான்று. பள்ளிப் பதிவேட்டில் பெயரோ தேதியோ தவறாக இருந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்குள் முடித்துவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்டால் மாற்றுவது பெரும் பாடு.

பிறப்புப் பதிவைத் தேடும்போது ஒன்றைக் கேட்க மறக்காதீர்கள்: பிள்ளை எங்கே பிறந்தது? சூளைக்குப் போன இடத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்திருந்தால் பதிவு அங்கேதான் இருக்கும், சொந்த ஊரில் இருக்காது. இங்கே தேடி ‘பதிவில் இல்லை’ என்று எழுதி வாங்கிவிட்டுப் புதிதாகப் பதிவு செய்தால் ஒரே பிள்ளைக்கு இரண்டு பதிவு உண்டாகிப் பின்னால் சிக்கலாகும். தாய்-சேய் நல அட்டையோ பிக்மி எண்ணோ (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் எண்) இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியர் நிமிடத்தில் சொல்லிவிடுவார். உண்மையிலேயே பதிவு இல்லை, ஓராண்டும் கடந்துவிட்டது என்றால் நிர்வாக நடுவரின் ஆணை வேண்டும். அதற்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு, ‘பதிவில் இல்லை’ என்ற சான்று, உறுதிமொழிப் பத்திரம் மூன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

சாதிச் சான்றுதான் நீண்ட பாதை. பழங்குடியினர் சான்றைத் தாசில்தார் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் கொடுப்பார். 1989 நவம்பர் 11-க்கு முன் தாசில்தார் கொடுத்த தாத்தாவின் பழைய சான்று எங்காவது கிடந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள், நல்ல ஆதாரம் அது. அப்படி எதுவும் இல்லாத குடும்பத்துக்கு மாணவர் செய்யக்கூடிய பெரிய உதவி வம்சாவளி வரைவது. மூன்று தலைமுறைப் பெயர்களையும், யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்பதையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். சான்று வாங்கிவிட்ட பங்காளி ஒருவர் எங்காவது இருப்பார், ஒருவேளை பக்கத்து மாவட்டத்தில். அவரோடு இரத்த உறவைக் காட்டும் படமும் அவருடைய சான்றின் நகலும் மனுவுக்கு முதுகெலும்பு. உள்ளூரில் ‘வில்லியர்’ என்று அழைத்து, பள்ளியிலும் அப்படியே எழுதியிருந்தால், அதே மக்கள்தான் பட்டியலில் உள்ள இருளர் என்பதை மனுவிலேயே ஒரு பத்தியில் விளக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் விசாரணையில் அந்த ஒரு சொல்லில் மனு நின்றுவிடும்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கக் கேன் எண் (விண்ணப்பிப்பவருக்கு அங்கே தரும் பதிவு எண்) வேண்டும், அதோடு ஒரு கைபேசி எண்ணும் கேட்பார்கள். இங்கேதான் பல வேலைகள் கெட்டுப்போகின்றன. வீட்டில் கைபேசி இல்லை என்று மாணவர் நல்லெண்ணத்தில் தன் எண்ணைக் கொடுத்துவிடுவார். இரண்டு ஆண்டு கழித்து அவர் படிப்பு முடித்துப் போய்விடுவார். ஒருமுறைக் கடவுச்சொல் அவர் பையில் அடிக்கும். குடும்பம் இ-சேவை மையத்து வாசலில் நிற்கும். மாணவர் எண்ணையோ இடைத்தரகர் எண்ணையோ கொடுக்கவே கூடாது. உறவினர் ஒருவரின் நிலையான எண்ணைக் கொடுத்து, அதை வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

விசாரணைக்கு அழைக்கும் நாளில் மாணவர் இருவர் கூடப் போகலாம். பேச வேண்டியவர் மனுதாரர். கேள்விகளை முந்தின மாலை குடியிருப்பில் ஒத்திகை பாருங்கள். சாதியை நிரூபிக்கப் பாம்பு பிடித்துக் காட்டு என்றோ, ஆள் பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்றோ யாராவது சொன்னால், அது சான்றுக்கான விதி அல்ல. பதிலுக்குச் சண்டை போடாமல் தேதி, நேரம், பேச்சு எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது.

எந்த மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் எண் கிடைக்கும். மேயிலோ ஜூனிலோ நடக்கும் ஜமாபந்தியில், அதாவது ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கையில், கொடுத்தால் நிலம் சார்ந்த மனு வேகமாக நகர வாய்ப்பு உண்டு. ஆனால் அது உங்கள் பருவத்துக்கு முன்பே வருவதால், பட்டா மனுக்களை இந்த ஆண்டு தயார் செய்து அடுத்த ஜமாபந்திக்கு வையுங்கள். குடிசை நிற்கும் இடம் ஏரிப் புறம்போக்கா, நத்தமா (குடியிருப்பு நிலம்), மேய்க்காலா (மேய்ச்சல் நிலம்) என்று முதலில் பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கில் மனைப் பட்டா கிடைக்காது. அங்கே ‘இந்த இடத்துக்கே பட்டா கொடு’ என்று எழுதினால், ஆக்கிரமிப்பை நாமே எழுத்தில் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். மாற்று இடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். கேட்கும் மாற்று இடம் பள்ளிக்கும் வேலைக்கும் எவ்வளவு தூரம் என்பதைக் குடும்பங்களே முடிவு செய்யட்டும்.

இரண்டு மாதம் ஆகியும் பதில் இல்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு. கேள்விகள் சிறியதாக இருக்கட்டும்: இந்த எண்ணுள்ள மனு எந்த நாளில் யார் மேசைக்குப் போனது, இப்போது யாரிடம் இருக்கிறது, கோப்புக் குறிப்பின் நகல் தருக. ‘ஏன் தாமதம்?’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

தொடக் கூடாத இடங்கள்

பேச்சுவாக்கில் ஒரு மாலை தெரியவரலாம்: ஒரு குடும்பம் முன்பணம் வாங்கியதால் அரிசி ஆலையையோ சூளையையோ விட்டு வெளியே போக முடியாமல் இருக்கிறது. மாணவர்கள் கொதித்துப் போவார்கள். உடனே வண்டி எடுத்துக்கொண்டு அங்கே போவதோ, முதலாளியிடம் பேசுவதோ, படம் எடுத்து இணையத்தில் போடுவதோ அந்தக் குடும்பத்துக்கு ஆபத்து. செய்தி கசிந்தால் இரவோடு இரவாக வேறு இடத்துக்கு ஏற்றிவிடுவார்கள், அதன்பின் அவர்களைக் கண்டுபிடிப்பதே கடினம். ஆசிரியர் ஒருவர் மட்டும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ கோட்டாட்சியருக்கோ நேரில் தெரிவிக்க வேண்டும். மீட்கும் அதிகாரம் அவர்களுடையது. மீட்ட பின் விடுவிப்புச் சான்று கிடைத்ததா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. அந்தச் சான்று இல்லாமல் மறுவாழ்வு உதவி நகராது. பழைய கடனோ 1976 சட்டப்படியே ரத்தாகிவிடுகிறது, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. குழந்தை சம்பந்தப்பட்டதென்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

ஊரில் திருட்டு நடந்ததும் இருளர் இளைஞரைத் தேடிப் போலீஸ் வருவது பல குடியிருப்புகளில் பழைய பயம். எனவே வண்டி நிறைய ஆட்களோடு, அடையாள அட்டை தொங்க, முன்னறிவிப்பு இல்லாமல் இருட்டில் போய் இறங்காதீர்கள். மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு புகார் எழுத வேண்டி வந்தால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். எழுதலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் பாதிக்கப்பட்டவர். நீங்கள் பேருந்தில் திரும்பிவிடுவீர்கள், அவர் அதே ஊரில் இருக்க வேண்டும்.

ஊர் என்று யாரைச் சொல்கிறோம்

தாள்கள் சரியானாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். ‘ஊர்’ என்று சொல்லும்போது ஏரிக்கரைக் குடியிருப்பு அதில் சேர்த்தியா? இதை வகுப்பில் விவாதிப்பதைவிடக் கிராம சபையில் போய்ப் பார்ப்பது நல்லது. ஆகஸ்ட் 15 கல்லூரிக் கொடியேற்றம் முடிந்ததும் கிளம்பினால் பிடித்துவிடலாம். அந்த முதல் சபையில் எதுவும் செய்யாமல் கவனியுங்கள். நாற்காலியில் யார், தரையில் யார், வெளியே மரத்தடியில் நிற்பது யார், வருகைப் பதிவேடு யார் கைக்குப் போகவே இல்லை? மாணவர் ஆளுக்கொரு படம் வரைந்து வரட்டும்.

அக்டோபர் 2-க்குத் தயாராக ஏறக்குறைய ஏழு வாரம் இருக்கிறது. குடியிருப்பில் ஓர் இரவு மாதிரிச் சபை நடத்துங்கள். கோரிக்கை ஒன்றோ இரண்டோ போதும். பத்து கொண்டுபோனால் பத்தும் ‘பரிசீலிக்கப்படும்’ என்று முடியும். சுடுகாட்டுக்குப் போகும் பாதை, தெருவிளக்கு, குழாய், குடியிருப்புக்கு ஒரு பெயர்ப்பலகை என்று ஊராட்சியின் கைக்குள் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயர்ப்பலகையைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். தபாலிலும் ஆம்புலன்ஸ் அழைப்பிலும் ‘ஏரிக்கரை ஓரம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு முகவரி கிடைக்கிறது. கோரிக்கையைத் தீர்மான வாசகமாகவே எழுதி இரண்டு பிரதி கொண்டுபோங்கள். பேசுவது குடியிருப்புப் பெண்கள், கூட நிற்பது மட்டும் மாணவர். கூட்டம் முடியும் முன் தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவது நடக்கக்கூடியது.

கல்லூரிக்குள்ளும் இதே கேள்வி உண்டு. குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவரை ஆசிரியராக அழையுங்கள். ஏரியின் மீன், மூலிகை, பாம்பு பற்றி அவருக்குத் தெரிந்ததற்கு ஈடாக விலங்கியல் துறையில் ஒன்றும் இருக்காது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. நாட்டின் நச்சுமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மற்ற சிறப்புப் பேச்சாளருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியம், அதே மேடை, அதே பொன்னாடை. பான் அட்டை இல்லாமல் பணம் கொடுக்க முடியாது என்று கணக்குப் பிரிவு கடைசி நாளில் சொல்லும்; ஒரு மாதம் முன்பே கேட்டுத் தீர்த்துவிடுங்கள்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் கூடிக் கன்னியம்மனை வணங்குவார்கள். சூளையிலிருந்துகூட லீவு கேட்டு வந்து சேர்வார்கள். அங்கே கல்யாணம் பேசி முடிப்பார்கள், பிரிந்த உறவுகள் சந்திக்கும். யாராவது அழைத்தால் போங்கள். படிவமும் கேமராவும் இல்லாமல் போங்கள்.

செலவு, மதிப்பெண், ஒப்படைப்பு

ஒரு குடும்பத்துக்கு 500 ரூபாய் ஒதுக்கினால் இ-சேவைக் கட்டணம், ஜெராக்ஸ், பத்திரம், பேருந்து எல்லாம் அடங்கும். 36 குடும்பத்துக்கு 18,000. வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்குங்கள், ஜிப் வைத்ததாக. கூரை ஒழுகும், எலி கடிக்கும், கரையான் ஏறும்; உத்தரத்தில் தொங்கவிட ஒரு கயிறும் சேர்த்துக் கொடுங்கள். மூலச் சான்றுகளை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு மேலொப்பமோ முத்திரையோ வைக்க முடியாது, பழைய தாளாக இருந்தால் சூட்டில் மை அழியும்.

கிடைத்த சான்றிதழ்களின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் போட்டால், சுலபமான குடும்பங்களை முடித்துவிட்டுக் கடினமானவற்றை மாணவர் கைவிடுவார்கள். நூறில் முப்பது நாட்குறிப்புக்கு, முப்பது கோப்பின் ஒழுங்குக்கு, இருபது வகுப்பு விவாதத்துக்கு, இருபது குடியிருப்பின் மதிப்பீட்டுக்கு. கடைசி இருபதை எப்படிக் கேட்பது? “இந்தப் பிள்ளைகள் சொன்ன நாளில் வந்தார்களா? சொன்னதைச் செய்தார்களா? அடுத்த வருடம் வரலாமா?” என்று கேளுங்கள். மாணவர் பக்கத்தில் இல்லாதபோது ஆசிரியர் கேட்க வேண்டும்.

நாட்குறிப்பில் ‘அவர்கள் எளிமையான மக்கள்’, ‘என் மனம் உருகியது’ என்ற வரிகள் வந்தால் திருப்பிக் கொடுங்கள். அன்று எந்த அலுவலகத்தில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், யார் யாரிடம் எந்தச் சொல்லில் பேசினார்கள், தனக்கு எங்கே கூச்சம் வந்தது, ஏன் வந்தது என்று எழுதட்டும். அதில்தான் படிப்பு இருக்கிறது.

பதினாறாம் வாரம் ஒப்படைப்பு. கலை நிகழ்ச்சியும் கேடயமும் வேண்டாம். ஒவ்வோர் இணையும் தன் மூன்று வீட்டுக்கும் போய், முடிந்தது எது, நிற்பது எது, எந்த மேசையில், மனு எண் என்ன, அடுத்து எந்தத் தேதியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் படித்துக் காட்டி, அந்த பிளாஸ்டிக் கோப்பில் வைக்க வேண்டும். அதே தாளின் நகல் துறை அலமாரியில் பூட்டி இருக்கட்டும். 24 பேரில் நான்கு பேராவது அடுத்த பருவமும் தொடர்ந்து, புதிதாக வரும் மாணவர்களை முதல் மாலை கையைப் பிடித்து அழைத்துப் போய் ஆயாவிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்ய வேண்டும். டிசம்பரில் தேர்வு, ஜனவரியில் குடும்பங்கள் சூளைக்கு. அந்த ஆறு மாதமும் மாதம் ஒரு முறை மனுக்களின் நிலையைப் பார்த்து, சுவரில் எழுதிய அந்த எண்ணுக்கு அழைத்துச் சொல்லும் பொறுப்பு இந்த நால்வருடையது.